ஈரல் நோயாளியும் இரத்தச் சோதனையும்

(சென்னிமலை வட்டார வளர்ச்சி அலுவலர் எழுதுவது)

சென்ற ஆண்டு நம் வட்டாரத்து ஊராட்சி ஒன்றின் கிராம சபைக் கூட்டத்தில் ஒரு புதுமையான கோரிக்கை எழுந்தது. வெளியூர்ச் சோதனைக்கூடம் ஒன்றின் ஆட்கள் முன்னதாகவே ஊருக்கு வந்து, பெரியவர்கள் அனைவருக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்துக் கல்லீரல் புற்றுநோயை முளையிலேயே கண்டுபிடித்துத் தருவதாகவும், தலைக்கு இவ்வளவு கட்டணம் என்றும், அதில் பாதியை ஊராட்சி ஏற்றுக்கொண்டால் போதும் என்றும் சொல்லிச் சென்றிருந்தனர். அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர்தான் அவ்வூர்க் கைத்தறி நெசவாளர் ஒருவர் அந்நோயால் இறந்திருந்தார். நோய் இன்னதென்று தெரிந்த நாளிலிருந்து அவர் உயிரோடு இருந்தது பத்து வாரமே. ஊரார் அஞ்சியதில் வியப்பில்லை. கூட்டத்தின் ஓரத்தில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் எழுந்து, "இரத்தத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடுமாமே, மெய்தானுங்களா?" என்று என்னைக் கேட்டார்.

ஆம் என்றும் சொல்ல இயலவில்லை. இல்லை என்றும் சொல்ல இயலவில்லை. தீர்மானத்தை அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கும்படி கேட்டுக்கொண்டேன். யான் மருத்துவன் அல்லன். ஆயினும் ஊராட்சிப் பணம் செலவாகும் காரியத்தில் பொருள் விளங்காமல் கையெழுத்திடுவது வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அழகன்று. ஆகவே மருத்துவர்களை அணுகிக் கேட்டும், நூல்களைப் படித்தும் அறிந்துகொண்டவற்றை ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் பயன்கொள்ளும்பொருட்டு இங்கு எழுதுகிறேன்.

ஈரல் இறுகும் விதம்

கல்லீரல் என்பது வலப்பக்க விலா எலும்புகளின் அடியில் அமைந்த, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள உறுப்பு. நாம் உண்ணும் உணவின் சத்தைக் குடலிலிருந்து சுமந்துவரும் இரத்தம் முதலில் இங்குதான் வந்து சேர்கிறது. அவ்விரத்தத்தைக் கொண்டுவரும் பெருங்குழாய்க்குப் போர்ட்டல் சிரை என்று பெயர். இது தவிர, இதயத்திலிருந்து வரும் தமனி ஒன்றும் கல்லீரலுக்கு உண்டு. கீழ்பவானி வாய்க்கால் பாய்கிற, கிணறும் உடைய ஒரு தோட்டத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் முக்கால் பங்கு வாய்க்கால் நீர். கால் பங்கு கிணற்று நீர். இந்த உவமையை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இன்னொரு முறை இதற்கு வேலை இருக்கிறது.

மது, மஞ்சட் காமாலை உண்டாக்கும் 'பி', 'சி' என்னும் இருவகை வைரஸ் கிருமிகள், நீரிழிவோடும் உடற்பருமனோடும் சேர்ந்து வரும் ஈரற்கொழுப்பு ஆகியவை பல ஆண்டுகள் இடைவிடாது கல்லீரலைப் புண்படுத்தினால், ஆறாத காயத்தில் தழும்பு விழுவதுபோல உள்ளே நார் படர்ந்து, மிருதுவான உறுப்பு முண்டும் முடிச்சுமாய் இறுகிவிடுகிறது. இதற்குச் சிரோசிஸ் என்று பெயர். பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் 1819 ஆம் ஆண்டில் இப்பெயரை வைத்தார். பழுப்பு மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. நம் மக்கள் ஈரல் சுருக்கம் என்பர்.

வாய்க்காலில் மண் சரிந்து அடைத்துக்கொண்டால் நீர் பின்வாங்கிக் கரையோரக் காடுகளில் கசிவதைக் கண்டிருக்கிறோம். இறுகிய ஈரலிலும் அவ்வாறே நிகழ்கிறது. வழி கிடைக்காத இரத்தம் பின்வாங்கி மண்ணீரலை வீங்கச் செய்கிறது. உணவுக்குழாயின் அடியிலுள்ள சிறு குழாய்களைப் புடைக்கச் செய்கிறது. வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது. இரத்த வாந்தி, மகோதரம், கால் வீக்கம் எல்லாம் இதன் பின்விளைவுகளே. இவை தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே ஈரல் இறுகத் தொடங்கியிருக்கும் என்பதும், அந்த ஆண்டுகளில் நோயாளி தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டும் ஏர் ஓட்டிக்கொண்டும் இருப்பார் என்பதுமே இந்நோயின் கொடுமை. சாதாரண இரத்தச் சோதனையில் தட்டணுக்களின் எண்ணிக்கை காரணமின்றிக் குறைந்திருப்பது சில வேளைகளில் முதல் துப்பாக அமைகிறது.

கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர், ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பேர், முன்னரே சிரோசிஸ் உடையவர்கள். டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்து மருத்துவர்கள் 2007 இல் வெளியிட்ட ஆய்வின்படி, சிரோசிஸ் நோயாளிகளில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றரைப் பேர் அளவில் (1.6) இப்புற்று தோன்றுகிறது. ஓராண்டுக்கு இது சிறு எண்ணாகத் தோன்றலாம். பத்தாண்டுகள் உயிரோடு இருக்கக்கூடிய ஒருவருக்குச் சிறு எண் அன்று. 'பி' கிருமியைச் சுமப்பவர்க்குச் சிரோசிஸ் வராமலே புற்று வருவதும் உண்டு.

நின்றுபோன தறி

இரத்தத்தில் எதனைத் தேடுகிறார்கள்? நம் சென்னிமலைப் போர்வை நெய்பவர்களுக்கு இதனைச் சொல்வது எளிது.

பழைய காலத்து மாதிரி ஒன்றில் நெய்த போர்வை, இருபது ஆண்டுகளாக எவரும் நெய்யாதது, திடீரென்று சந்தைக்கு வந்தால் வியாபாரி என்ன எண்ணுவார்? எங்கோ ஒரு வீட்டில் பழைய தறியை மறுபடி ஓட்டுகிறார்கள் என்று எண்ணுவார். தறி எந்த வீட்டில் என்று அவருக்குத் தெரியாது. ஆயினும் தறி ஓடுகிறது என்பது தெரிந்துவிடும். ஆல்ஃபா ஃபீட்டோ புரதம் அத்தகையதொரு சரக்கு. தாய் வயிற்றில் இருக்கும் சிசுவின் ஈரல் அதனை ஏராளமாக உண்டாக்குகிறது. பிறந்த பின்னர் முதல் ஓராண்டு அளவிலேயே உற்பத்தி அடங்கி, பெரியவர்களின் இரத்தத்தில் மிகச் சொற்பமாகவே எஞ்சியிருக்கும். ஈரலில் புற்று தோன்றும்போது அவ்வுயிரணுக்களில் பல தம் வயதை மறந்து, சிசுப் பருவத்து வேலையை மீண்டும் தொடங்கிவிடுகின்றன.

இப்புரதத்தைச் சிசுவின் இரத்தத்தில் முதலில் கண்டவர்கள் சுவீடனைச் சேர்ந்த பெர்க்ஸ்ட்ராண்டு, சார் என்னும் இருவர், ஆண்டு 1956. மாஸ்கோவில் காரி அபெலெவ் 1963 இல் ஈரற் புற்றுடைய எலிகளின் இரத்தத்தில் இதனைக் கண்டார். மறு ஆண்டே யூரி தத்தாரினோவ் என்பவர் மனித நோயாளிகளிடத்திலும் கண்டார். அறுபது ஆண்டுகள் கடந்தும் உலகெங்கும் மருத்துவர்கள் முதலில் கேட்பது இந்தச் சோதனையைத்தான்.

அளவு மிக நுண்ணியது. ஒரு மில்லிலிட்டர் இரத்த நீரில் 20 நானோகிராம் என்பது வழக்கமான எல்லைக்கோடு. ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமை நூறு கோடிக் கூறிட்டதில் ஒரு கூறு. இக்கோட்டிற்கு மேல் போனால் புற்று உண்டு, கீழே இருந்தால் இல்லை என்று சொல்லிவிட முடியுமானால் இக்கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் இந்தக் கோட்டை வைத்துப் பார்க்கும்போது புற்றுடைய நூறு பேரில் ஏறத்தாழ அறுபது பேரே அகப்படுகின்றனர். கட்டி சிறியதாக இருக்கும்போது, அதாவது நாம் பிடிக்க விரும்பும் வேளையில், இன்னும் குறைவாகவே அகப்படுகின்றனர். மறுபுறம், புற்று இல்லாமலே மஞ்சட் காமாலைக் கிருமி சீறி எழும்போது இப்புரதம் ஏறும். கருவுற்ற பெண்களிடத்தில் இயல்பாகவே ஏறும். விதைப்பையில் தோன்றும் சிலவகைக் கட்டிகளிலும் ஏறும். பழைய மாதிரிப் போர்வை எல்லாம் ஒரே வீட்டிலிருந்து வருவதில்லை.

ஆதலால் ஒரு நாளைய எண்ணைவிட எண்ணின் போக்கே முக்கியம் என்று மருத்துவர்கள் கருதுகின்றனர். ஜனவரியில் 8, ஜூலையில் 15, அடுத்த ஜனவரியில் 40 என்று ஏறிவரும் எண், ஒரே நிலையில் 30 ஆக நிற்கும் எண்ணைவிட ஆபத்தானது. சோதனைக்கூடங்கள் சில இதனை நானோகிராமிலும், வேறு சில சர்வதேச அலகிலும் எழுதுவதால், இரு சீட்டுகளை ஒப்பிடும் முன்னர் அலகைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இயன்றவரை ஒரே கூடத்தில் பார்த்துக்கொள்வது நன்று. பழைய சீட்டுகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போவது நம் மக்களின் வழக்கம். இந்த நோயில் அது பெருந்தவறு.

இதன் குறையை ஈடுசெய்ய வேறு இரண்டு குறிகளும் வழக்கத்திற்கு வந்திருக்கின்றன. ஒன்று, அதே ஆல்ஃபா ஃபீட்டோ புரதத்தின் ஒரு பிரிவு. எல்-3 என்பது பெயர். போர்வை அதுவே, கரை மட்டும் வேறு என்று கொள்ளலாம். இந்தக் கரையை இனங்கண்டு ஒட்டிக்கொள்ளும் பொருள் எதிலிருந்து கிடைக்கிறது என்றால், நம் மளிகைக் கடையில் விற்கும் மைசூர்ப் பருப்பிலிருந்து! அப்பருப்பில் உள்ள ஒரு புரதம் எல்-3 பிரிவை மட்டும் இறுகப் பற்றுகிறது. (இதைக் கேட்டுவிட்டு, மைசூர்ப் பருப்பை அதிகமாகச் சாப்பிட்டால் புற்று வராதா என்று என் அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார். அப்படி ஒன்றும் இல்லை. சோதனைக்குழாயில் அது ஒரு கருவி, அவ்வளவே.)

இரண்டாவது குறி பிவ்கா என்று சுருக்கமாக அழைக்கப்படுவது. இரத்தம் உறைவதற்கு வேண்டிய புரோத்ராம்பின் என்னும் புரதத்தை ஈரல் உண்டாக்குகிறது. வைட்டமின் 'கே' துணையால் அதற்குக் கடைசி வேலை முடிந்து வெளியே வருகிறது. புற்று உயிரணுவோ முடிச்சிடாத போர்வையைத் தறியிலிருந்து அறுத்து எறிவதுபோல அரைகுறைச் சரக்கை வெளியே விடுகிறது. 1984 இல் இதனைப் புற்றின் குறியாக அறிவித்தனர். இதய வால்வு நோய்க்காக இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை உண்பவர்களுக்கும், வைட்டமின் 'கே' குறைந்தவர்களுக்கும் இக்குறி தானாகவே ஏறும். சோதனைக்குப் போகும்போது உண்ணும் மாத்திரைகளை எல்லாம் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

இம்மூன்று குறிகளோடு நோயாளி ஆணா பெண்ணா என்பதையும் வயதையும் சேர்த்து ஒரே மதிப்பெண்ணாகக் கணக்கிடும் முறையை இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்துப் பேராசிரியர் ஃபிலிப் ஜான்சனும் அவர் தோழர்களும் 2014 இல் வெளியிட்டனர். காலாட் என்பது அதன் பெயர். தனித்தனிக் குறியைவிட இக்கூட்டுக் கணக்கு சிறந்ததென்று பல நாடுகளில் கண்டிருக்கின்றனர். இரத்தத்தில் மிதக்கும் மரபணுத் துணுக்குகளைக் கொண்டு கண்டறியும் முறைகளிலும் ஆராய்ச்சி நடைபெறுகிறது. எனினும், வயிற்று ஸ்கேனை விட்டுவிட்டு இரத்தத்தை மட்டும் நம்பலாம் என்ற நிலை இன்னும் வரவில்லை. ஸ்கேன் மட்டும் பார்த்தால் தொடக்க நிலைப் புற்றில் நூற்றுக்கு 45 அகப்படுவதாகவும், ஸ்கேனோடு ஆல்ஃபா ஃபீட்டோ சோதனையும் சேர்ந்தால் 63 அகப்படுவதாகவும் பல ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிய 2018 ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்று கூறுகிறது. ஒற்றை மாட்டை விட இரட்டை மாடு மேல் என்பதற்கு மேலாக நான் இதில் விளக்குவதற்கு ஒன்றுமில்லை.

சீனத்தில் இரண்டு இடங்கள்

யான் படித்தவற்றுள் என் மனத்தை மிகவும் தொட்டது சீன நாட்டில் நடைபெற்ற இரண்டு பெரிய சோதனைகளின் வரலாறு. கிராம நிர்வாகத்தில் உள்ளவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டியது.

முதலாவது சிதொங் என்னும் கிராமப்புற வட்டாரத்தில் நிகழ்ந்தது. ஈரற் புற்று மலிந்த பகுதி அது. 'பி' கிருமியைச் சுமக்கும் ஆண்கள் 5,581 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆல்ஃபா ஃபீட்டோ சோதனை செய்து வந்தனர். 1989 இல் தொடங்கி 1995 வரை இது நடைபெற்றது. சோதனை செய்த பிரிவில் நோய் முன்னதாகவே தெரிந்தது உண்மை. ஆனால் முடிவில் இரு பிரிவிலும் ஈரற் புற்றால் இறந்தவர் விகிதம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. முன்னதாகத் தெரிந்தும் அதற்கேற்ற சிகிச்சை போதிய அளவில் கிடைக்காமற்போனதே காரணம் என்று ஆய்வாளர்களே எழுதினர். நோயாளிக்குக் கிடைத்தது, தமக்கு நோய் இருக்கிறது என்று அறிந்து கவலைப்படும் காலம் மட்டும்.

இரண்டாவது ஷாங்காய் நகரில் 1993 இல் தொடங்கியது. 'பி' கிருமி உடையவர்களும் முன்பு அந்நோய் வந்தவர்களுமாக 35 முதல் 59 வயதுவரை உள்ள 18,816 பேர். இங்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரத்தச் சோதனையும் ஸ்கேனும் சேர்த்தே செய்தனர். கட்டி அகப்பட்டவர்களுக்கு அறுவை முதலிய சிகிச்சை உடனே கிடைத்தது. அழைத்த சோதனைகளில் மக்கள் வந்து முடித்தது நூற்றுக்கு 58 மட்டுமே. அப்படியிருந்தும் ஈரற் புற்றால் நேரும் மரணம் 37 சதவீதம் குறைந்தது. 2004 இல் இம்முடிவு வெளிவந்தது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எவர்க்கும் விளங்குவது யாது? சோதனைக்குப் பின்னர் எங்கே போவது என்ற வழியை முன்னரே வகுத்துக்கொள்ளாமல் சோதனை மட்டும் நடத்துவது, தண்ணீர் வருமுன் வாய்க்கால் வெட்டாமல் மதகைத் திறப்பதை ஒக்கும். நம் ஊராட்சிக்கு வந்த சோதனைக்கூடத்தாரிடம், "எண் கூடுதலாக வந்தவரை எங்கு அனுப்புவீர்கள்?" என்று கேட்டேன். "அது அவர்கள் பாடு" என்ற பொருள்பட விடை வந்தது.

ஊர் முழுவதற்கும் கூடாது

அடுத்த கூட்டத்தில் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டேன். எளிமைக்காகக் கற்பித்துக்கொண்ட எண்கள் இவை. ஊரில் பெரியவர்கள் 5,000 பேர். அவர்களுள் ஈரற் புற்றுடையவர் ஒருவர் இருப்பதாகத் தாராளமாகவே கொள்வோம். சோதனை புற்றில்லாதவர்களில் நூற்றுக்கு ஐவரைத் தவறாகச் சந்தேகிக்கும் என்று வைத்தால், 250 பேர் வீட்டில் அன்றிரவு அடுப்பு எரியாது. அந்த 250 பேரும் மேற்கொண்டு ஸ்கேன், சி.டி. என்று அலைய வேண்டும். கடன் வாங்குபவரும் இருப்பர். உண்மையான நோயாளி அந்தக் கூட்டத்தில் அகப்படலாம். ஐந்தில் இரண்டு வாய்ப்பில் அகப்படாமலும் போய், "எனக்கு ஒன்றும் இல்லை" என்று மகிழ்ந்திருக்கலாம்.

இனி, சிரோசிஸ் உள்ள 100 பேரை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஓராண்டில் அவர்களுள் இருவருக்குப் புற்று தோன்றலாம். புண்பட்ட ஈரலாகையால் சோதனை தவறாகச் சந்தேகிப்பது அதிகமாகவே இருக்கும். பத்துப் பேர் என்று கொள்வோம். ஆயினும் சந்தேகத்திற்கு உள்ளாகும் பதினொருவர், பன்னிருவருள் ஒருவருக்கேனும் மெய்யாகவே நோய் இருக்கும். இங்கு சோதனைக்குப் பொருள் உண்டு. அதே ஊசி, அதே இரத்தம், அதே கருவி. யாருக்குச் செய்கிறோம் என்பதே வேறுபாடு.

கணக்கைப் பார்த்ததும் கூட்டத்தில் பேச்சு மாறிற்று. ஊராருக்கெல்லாம் புற்றுச் சோதனை என்ற தீர்மானம் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக, ஈரல் நோய் உடையவர்களைக் கண்டறிந்து அரசு மருத்துவமனைக்கு வழிகாட்டுவது என்று முடிவாயிற்று. 'பி', 'சி' கிருமிகளுக்குரிய சோதனை அனைவர்க்கும் பயன்படக்கூடியதே. அவற்றுக்கு மருந்து உண்டு. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சோதனையும் மருந்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 'சி' கிருமியைப் பெரும்பாலோரிடம் மூன்று மாத அளவில் மாத்திரையாலேயே அகற்றிவிடலாம். 'பி' கிருமியை அடக்கி வைக்கலாம். அடக்கி வைத்தால் புற்று தோன்றும் அபாயமும் குறைகிறது.

இந்த 'பி' கிருமியைப் பற்றிப் பேசும்போது நம் மாநிலத்துக்கும் அதன் வரலாற்றில் ஓர் இடம் உண்டென்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் இரத்தத்தில் அமெரிக்க அறிஞர் பரூக் புளும்பர்க் கண்ட ஒரு பொருள் 1965 இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதுவே இக்கிருமியின் மேலுறை என்று பின்னர் தெளிவாயிற்று. அவருக்கு 1976 இல் நோபல் பரிசு கிடைத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி நிலையத்தில் பணியாற்றிய டாக்டர் எஸ். பி. தியாகராஜன் முதலானோர் இவரோடு சேர்ந்து நம் கீழாநெல்லியை ஆராய்ந்தனர். கிருமி சுமப்பவர்களுக்கு முப்பது நாள் மூலிகைத் தூள் கொடுத்ததில் 37 பேரில் 22 பேர் இரத்தத்தில் அந்த மேலுறை மறைந்ததென்றும், வெறுந்தூள் உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்ததென்றும் 1988 இல் லான்செட் இதழில் எழுதினர். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்து முதலிய இடங்களில் பின்னர் செய்த சோதனைகளில் அப்பயன் காணப்படவில்லை. 2011 இல் இத்தகைய ஆய்வுகளையெல்லாம் திரட்டி ஆராய்ந்தவர்களும் ஐயமறச் சான்று இல்லை என்றே கூறினர். நம் ஊர்ப் பச்சிலை தோற்றது என்று வருந்துவதற்கு இதில் ஒன்றுமில்லை. சோதித்துப் பார்த்தார்கள் என்பதே பெருமை. மஞ்சட் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் குடிக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. குடிப்பவர்களிடம் யான் கேட்டுக்கொள்வது ஒன்றே: அதனைக் காரணம் காட்டி ஸ்கேனையும் இரத்தச் சோதனையையும் நிறுத்திவிடலாகாது.

கிருமி வராமலே தடுக்கும் வழி தடுப்பூசி. தமிழ்நாட்டில் 2011 டிசம்பரில் தொடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியில் 'பி' கிருமிக்குரியதும் அடங்கும். பிறந்த இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் போட வேண்டிய முதல் ஊசியும் உண்டு. தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதை அதுவே தடுக்கிறது என்பதால் ஊராட்சியார் இதில் கண்ணாக இருக்க வேண்டும்.

கடலையும் பூஞ்சையும்

விவசாயிகளுக்கென்று தனியாக ஒரு செய்தி. 1960 இல் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டன. பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் படர்ந்த பூஞ்சையின் நஞ்சே காரணம் என்று கண்டனர்; அந்நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டனர். மனிதரிடத்தில் ஈரற் புற்றை உண்டாக்கும் நஞ்சு அது; 'பி' கிருமியும் உடன் இருந்தால் அபாயம் பல மடங்காகிறது. நம் நாட்டிலும் 1974 இல் இராஜஸ்தான், குஜராத் எல்லைப் பகுதியில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் ஈரல் கெட்டு மாண்டனர். முன்னே சொன்ன சிதொங் வட்டாரத்தில், மக்கள் சோளத்தை விட்டு அரிசிக்கு மாறிய பின்னர் ஈரற் புற்று மரணம் வெகுவாகக் குறைந்தது. ஊரார் உடலில் இந்நஞ்சு ஏறியிருக்கிறதா என்பதையும் இரத்தத்திலேயே கண்டறிகிறார்கள். இரத்தப் புரதமாகிய ஆல்புமினோடு அது ஒட்டிக்கொண்டு தங்குகிறது.

மானாவாரிக் கடலை முற்றும் தருணத்தில் மழை பொய்த்தால் பூஞ்சை செடியிலேயே புகுந்துவிடும். பிடுங்கிய கடலையைக் குவித்து மூடிவைப்பதும், அரைகுறையாய்க் காய்ந்ததைச் சாக்கில் கட்டுவதும் மீதியை முடித்துவிடும். கையில் எடுத்துக் குலுக்கினால் பருப்பு உள்ளே கலகலக்கும் அளவுக்குக் காயவிட வேண்டும். சுருங்கியதும் நிறம் மாறியதும் பூஞ்சை பிடித்ததுமான பருப்பைப் பொறுக்கி எறிய வேண்டுமேயன்றி, "செக்குக்குத்தானே" என்று ஒதுக்கி வைத்தலாகாது. வறுத்தாலும் காய்ச்சினாலும் இந்நஞ்சு எளிதில் அழிவதில்லை. மாட்டுக்குப் போட்டாலும் தப்பவில்லை. அப்புண்ணாக்கைத் தின்ற எருமையின் பாலில் அது வேறொரு வடிவில் இறங்குகிறது. அந்தப் பாலைக் குடிப்பது நம் வீட்டுக் குழந்தை.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை

ஏன் ஆறு மாதம் என்று கேட்கலாம். ஈரற் கட்டி இரட்டிப்பாக வளர ஏறத்தாழ நான்கு முதல் ஆறு மாதம் ஆகிறது. ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தால் அது கைமீறிப் போகக்கூடும். மாதந்தோறும் பார்ப்பது வீண் செலவு. சந்தேகம் எழுந்தால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். இங்குதான் முன்னே சொன்ன வாய்க்கால் உவமைக்கு வேலை வருகிறது. நல்ல ஈரல் வாய்க்கால் நீரில் பிழைப்பது. புற்றுக் கட்டியோ பெரும்பாலும் கிணற்று நீரை, அதாவது தமனி இரத்தத்தை உறிஞ்சி வளர்வது. இரத்தத்தில் மருந்து செலுத்திப் படமெடுத்தால், தமனி இரத்தம் வந்து சேரும் முதற் கணத்தில் கட்டி பளிச்சென்று தெரிந்து, பின்னர் சுற்றியுள்ள ஈரலைவிட மங்கிப்போகிறது. இவ்விரண்டும் சேர்ந்து தெரிந்தால் சிரோசிஸ் நோயாளிக்குத் தசை எடுத்துப் பார்க்காமலே நோயை உறுதி செய்துவிடலாம்.

சிறு கட்டியானால் அறுத்து எடுக்கலாம். ஊசி வழியே வெப்பம் செலுத்திச் சுட்டழிக்கலாம். தக்கவர்களுக்கு மாற்று ஈரல் பொருத்தலாம். ஒரே கட்டி 5 சென்டிமீட்டருக்கு மிகாமலோ, மூன்று வரையான கட்டிகள் ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்கு மிகாமலோ இருந்தால் மாற்று ஈரலால் நல்ல பயன் உண்டு என்று இத்தாலியின் மிலான் நகரத்தார் 1996 இல் வகுத்த அளவு இன்றும் கையாளப்படுகிறது. இறந்துபோன நெசவாளரின் கட்டியை முதன்முதலாகக் கண்டபோது அது 11 சென்டிமீட்டர். அவருக்குச் சிரோசிஸ் இருப்பது நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே தெரியும். வயிற்று நீர் வடிந்து உடம்பு தேறியதும் மருத்துவமனைக்குப் போவதை அவர் நிறுத்திவிட்டார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்லி அவர் சீட்டில் எழுதியிருந்ததைப் பின்னர் அவர் மனைவி எடுத்துக் காட்டினார். படித்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை.

இப்போது அவ்வூரில் செய்துவரும் ஏற்பாடு எளிமையானது. சிரோசிஸ் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தவர்களும், 'பி' கிருமிக்கு மருந்து உண்பவர்களும் விருப்பப்பட்டால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் தம் பெயரைக் கொடுத்துவைக்கின்றனர். பெயர்ப் பட்டியல் செவிலியரிடம் மட்டும் இருக்கும். கிராம சபையில் எக்காரணம் கொண்டும் படிக்கப்படுவதில்லை. ஈரல் நோய் என்றாலே குடிகாரன் என்று முடிவு கட்டிவிடும் வழக்கம் இருக்கும்வரை இது இன்றியமையாதது; வாழ்நாளில் மதுவைத் தொடாதவர்களும் இப்பட்டியலில் இருக்கின்றனர். குடியரசு நாள், விடுதலை நாள் ஆகிய இரண்டு கிராம சபைக் கூட்டங்களும் ஏறத்தாழ ஆறு மாத இடைவெளியில் வருவதால், அவற்றை அடுத்த வாரத்தையே சோதனை வாரமாக வைத்துக்கொண்டோம். நாள் மறக்காது.

பெருந்துறையிலுள்ள அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்பவர்கள் காலை முதல் பேருந்திலேயே புறப்படுவது நன்று. ஸ்கேன் எடுக்கும் முன்னர் ஆறு மணி நேரமாவது ஒன்றும் உண்ணாதிருக்க வேண்டும். நீரிழிவுக்கு மருந்து உண்பவர்கள் அன்றைய மருந்தைப் பற்றி முன்னதாகவே செவிலியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். காப்பீட்டு அட்டை, ஆதார், உண்ணும் மாத்திரைகளின் அட்டை, பழைய சீட்டுகள் அனைத்தையும் ஒரே பையில் வைத்து எடுத்துச் செல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் உடன் செல்லட்டும். திரும்பி வந்ததும் ஆல்ஃபா ஃபீட்டோ எண்ணை, நாளோடும் அலகோடும், பையிலுள்ள சிறு குறிப்பேட்டில் முன்னைய எண்ணின் கீழே எழுதிக்கொள்ள வேண்டும்.